37-ஆம் வசனம் எங்கே போனது?

(கோடைக்கானலில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். மலைக்குக் கீழே, பெரியகுளம் பக்கத்தில் எங்கள் ஊர். வருஷக் கடைசி இரவில் அப்பத்தா எல்லோரையும் பாயில் உட்காரவைத்து ஜெபம் நடத்துவார். வேதத்தில் ஓர் அதிகாரத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் தங்கள் முறைக்கு எந்த வசனம் வரும் என்று விரல் விட்டு எண்ணி, மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்வோம். அந்த வருஷம் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகிறான், பிலிப்பு கூடவே ஏறிக்கொள்கிறார், வழியில் தண்ணீர் வருகிறது, ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று மந்திரி கேட்கிறான். இது 36-ஆம் வசனம். அடுத்து என் முறை. நான் அப்போது கல்லூரி மாணவன். கையில் புதிதாக வாங்கிய எளிய தமிழ் மொழிபெயர்ப்பு. பக்கத்தைப் பார்க்கிறேன்: 36 இருக்கிறது, 38 இருக்கிறது, 37 இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா, வாசி" என்றார் அப்பத்தா. "இதுல 37 இல்ல அப்பத்தா" என்றேன். புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துத் தேடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "என் வசனத்த எடுத்தது யாருடா?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. வீட்டில் ஒரு பாத்திரம் காணாமற்போனால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். வேதத்தின் கடைசிப் பக்கத்தில், இந்தப் புத்தகத்தோடு எதையும் கூட்டாதே, இதிலிருந்து எதையும் எடுக்காதே என்று கடுமையான எச்சரிக்கை உண்டு. அதையும் நினைவுபடுத்தினார். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னைக் கிரேக்க எழுத்துப் படிக்க வைத்தது. இன்று உங்கள் முன் நிற்பதும் அதனால்தான்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. புதிய ஏற்பாட்டை எழுதியவர்களின் கைப்பட்ட மூலம் ஒன்றுகூட இன்று கிடையாது. பவுல் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் போய்விட்டது. யோவானின் ஏடும் போய்விட்டது. நம்மிடம் இருப்பவை படிகளின் படிகள். கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கும் மேல். முழுப் புத்தகங்களும் உண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் துணுக்குகளும் உண்டு. மான்செஸ்டர் நகர நூலகம் ஒன்றில் எகிப்திலிருந்து வந்த நாணல் தாள் துண்டு ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 9 சென்டிமீட்டர், அகலம் 6. இரு பக்கமும் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள். பொதுவாக 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். 1920-இல் எகிப்தில் வாங்கியது. அதில் இருப்பது என்ன என்று 1930-களில்தான் ஓர் இளம் ஆய்வாளர் கண்டுகொண்டார்.

இந்தப் படிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதில்லை. இதைக் கேட்டுச் சிலர் பதறுகிறார்கள். நம் ஊரில் பதறத் தேவையில்லை, ஏனென்றால் நம்முடைய நூல்களும் இப்படித்தான் நம் கைக்கு வந்தன. பாடபேதம், பிரதிபேதம் ஆகிய சொற்கள் தமிழ் படித்தவர் வாயில் சாதாரணமாகப் புழங்குபவை. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் அதில் செய்த இன்னொரு காரியத்தைப் பாருங்கள். புறநானூற்றில் 267, 268 என்ற எண்கள் இருக்கின்றன, பாட்டு இல்லை. எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. அதற்காக 269-ஐ இழுத்து 267 ஆக்கவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். வீட்டில் இல்லாத மகனுக்குப் பந்தியில் இலை போட்டு வைப்பதுபோல அந்த எண்கள் இன்றும் நிற்கின்றன.

என் கையிலிருந்த புத்தகத்தில் 36-க்கும் 38-க்கும் நடுவே இருந்த இடைவெளியும் அதே மாதிரிதான். வசனங்களுக்கு எண் போட்டவர் பாரிஸ் நகர அச்சுக்காரர் ராபர்ட் எஸ்டியன், 1551-இல். அவர் முன் இருந்த பாடத்தில் அந்த வசனம் இருந்தது, எண் கிடைத்தது. பின்னால் கிடைத்த மிகப் பழைய படிகளில் அந்த வசனம் இல்லை. எண்ணை யாரும் மாற்ற முடியாது, உலகம் முழுக்க அந்த எண்ணால்தான் தேடுகிறார்கள். ஆகவே எண் தங்கியது, வசனம் அடிக்குறிப்புக்குப் போனது.

பிழை எப்படி வருகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அதனால் ஏடு எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. எகர ஒகரத்தின் குறிலையும் நெடிலையும் பிரிக்க அந்தக் காலத்தில் புள்ளிதான் அடையாளம். புள்ளி போனதும் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே எழுத்தாகிவிட்டன. நெருப்பும் நீரும் ஓலையில் ஒன்று. இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்க நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறோம். கிறிஸ்தவத் துறவி ஒருவர் தமிழ் எழுத்தின் பாடபேதத்தைக் குறைத்தார் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும்.

இப்போது கிரேக்கத்துக்கு வாருங்கள். பழைய படிகளில் எல்லாம் பெரிய எழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கடவுள், இயேசு போன்ற புனிதச் சொற்களைப் பெரும்பாலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் எழுதி, மேலே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கடவுள் என்பதற்கு 'தெயோஸ்'. சுருக்கி எழுதினால் இரண்டே எழுத்து: நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஒரு வட்டம், பக்கத்தில் ஸகரம், தலைக்கு மேல் கோடு. 'யார்', 'அவர்' என்ற பொருளில் வரும் சொல் 'ஹொஸ்'. அதுவும் இரண்டு எழுத்து: வெறும் வட்டம், ஸகரம். வேறுபாடு இரண்டு கோடு. 1 தீமோத்தேயு 3:16-இல், மாம்சத்தில் வெளிப்பட்டவர் யார் என்ற இடத்தில், பிற்காலப் படிகளில் 'கடவுள்', மிகப் பழைய படிகளில் 'அவர்'. இலண்டனில் உள்ள அலெக்சாந்திரியப் படி என்ற 5-ஆம் நூற்றாண்டுத் தோல்புத்தகத்தில் இந்த வட்டத்துக்குள் கோடு தெரிகிறது. 18-ஆம் நூற்றாண்டில் வெட்ஸ்டைன் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் அந்தத் தாளை உற்றுப் பார்த்தார். மறுபக்கத்தில் எழுதிய எழுத்தின் கோடுதான் தோலில் ஊடுருவி இந்தப் பக்கம் தெரிகிறது என்றார். இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளுக்காக அவர் மேல் குற்றம் சாட்டி, பேசல் நகரத்தில் போதகர் பதவியைப் பறித்தார்கள். கோடு இருக்கும் இடத்தில் கோடு என்றும், இல்லாத இடத்தில் இல்லை என்றும் சொன்னதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது.

காதில் விழும் பிழையும் உண்டு. நம் பிள்ளைகள் 'ழ', 'ள', 'ல' மூன்றையும் ஒன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு எழுதும்போது தடுமாறுவார்கள் அல்லவா? பிற்காலக் கிரேக்கத்தில் பல உயிரெழுத்துகள் தேய்ந்து 'ஈ' என்ற ஒரே ஒலியாகின. அதனால் 'நாங்கள்' என்ற சொல்லும் 'நீங்கள்' என்ற சொல்லும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. யோவானின் முதல் கடிதம் தொடங்கும் இடத்தில், நிறைவாக வேண்டியது உங்கள் மகிழ்ச்சியா எங்கள் மகிழ்ச்சியா என்று படிகள் இரண்டுபடுகின்றன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'உங்கள்' என்கிறது. பழைய படிகளில் வலுவான சான்றுகள் 'எங்கள்' என்கின்றன. வாசகனுக்கு மகிழ்ச்சி வரட்டும் என்று எழுதுவது யாரும் எழுதக்கூடியது. நீங்கள் நம்பினால்தான் எங்கள் மகிழ்ச்சி நிறையும் என்று எழுதுகிறவன் மனம் வேறு. எனக்கு அந்த 'எங்கள்' பிடிக்கிறது. பிடிப்பது சான்றாகாது என்பதும் தெரியும்.

பெரும்பாலான வேறுபாடுகள் இந்த அளவுகூடக் கிடையாது. எழுத்துப்பிழை, சொல் முன்பின் மாறியது, இப்படித்தான். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஜான் மில் என்ற ஆங்கிலேயர் 30 வருஷம் உழைத்து 1707-இல் ஒரு கிரேக்கப் பதிப்பு வெளியிட்டார். அதில் சுமார் 30,000 பாடபேதங்களைக் காட்டினார். ஐரோப்பாவில் பெரிய கலக்கம். அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 1706 ஜூலையில்தான் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்தார். 1708 அக்டோபரில் கிரேக்கத்திலிருந்து தமிழுக்குப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவரத் தொடங்கி, 1711 மார்ச்சில் முடித்து, 1714, 15-இல் அச்சேற்றினார். கிரேக்க மூலத்தில் எது சரியான பாடம் என்ற கேள்வி ஐரோப்பாவில் கொதித்த அதே சில ஆண்டுகளில்தான் தமிழில் முதல் புதிய ஏற்பாடு பிறந்தது. சீகன்பால்குவுக்குத் துணையாகப் பின்னால் நின்றது ஜெர்மனியின் ஹாலே நகரம். மில்லின் புத்தகத்தைப் பார்த்து மனம் கலங்கிய ஓர் இளைஞர் 1713-இல் அதே ஹாலேக்கு வந்து தங்கினார். பெங்கல் என்று பெயர். கலக்கம் தீரும்வரை ஒவ்வொரு பாடத்தையும் ஆராய்வது என்று முடிவு செய்து, 1734-இல் தம் பதிப்பைக் கொண்டுவந்தார். பக்தி மிகுந்தவர். பக்தியே அவரை ஆராய்ச்சிக்குத் தள்ளியது.

பெங்கல் சொல்லிக்கொடுத்தவை இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடி. படிகளை எண்ணாதே, நிறுத்துப் பார். ஒரு பிழையான படியிலிருந்து நூறு படி எடுத்தால் சாட்சி நூறாகாது, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் நூறு பேர், அவ்வளவுதான். இரண்டு பாடங்களில் ஒன்று வழவழப்பாகவும் மற்றது கரடுமுரடாகவும் இருந்தால், கரடுமுரடானதை மதி. படி எடுப்பவர் கடினத்தை எளிதாக்குவார், எளிதை வலிந்து கடினமாக்க மாட்டார். ஏடு பார்த்த நம் பதிப்பாசிரியர்கள் யாரும் பெங்கலைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஓலையோடு பழகிய கைக்கு இது தானாகத் தெரியும்.

வேதத்தைத் திருத்திய கைகளும் ஏட்டைப் பரிசோதித்த கைகளும் பல நேரம் ஒரே கைகளாகவே இருந்தன. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் தமிழ் வேதாகமத்தைத் திருத்தி 1850-இல் வெளியிட்டபோது பக்கத்திலிருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் அதே நாவலர் ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்துத் தமிழ் நூல்களை அச்சிட்டார். 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தது அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில். இந்தக் கோடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டியதும் அந்த அமெரிக்க மிஷனின் மதுரைக் கிளைதான். சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பித்து மலையேறினார்கள்.

இனி இந்த மலைக்கு மேற்கே பார்ப்போம். பேரிஜத்தைத் தாண்டிப் போன பழைய பாதை மூணாறு பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் மலையாள நாட்டில், மார்த்தோமா கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சிரியா மொழியில் வேதம் வாசித்துவந்தார்கள். பெஷித்தா என்று அதற்குப் பெயர். 1599 ஜூனில், கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரில், கோவா பேராயர் மெனேசஸ் ஒரு சங்கத்தைக் கூட்டினார். அந்தச் சங்கம் உள்ளூர் வேதப் படிகளைச் சோதித்து, குறைகளைப் பட்டியலிட்டது. பேதுருவின் 2-ஆம் கடிதம் இல்லை. யோவானின் 2, 3-ஆம் கடிதங்கள், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானில் இல்லை. யோவானின் முதல் கடிதத்தில் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய வரி இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்துத் திருத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. சில நூல்களை அழிக்கவும் செய்தார்கள்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். குறை என்று எழுதிய பலவும் உண்மையில் பழமையின் அடையாளம். அந்த மலையாளக் கிறிஸ்தவர்களிடமிருந்து யாரும் எதையும் பறித்திருக்கவில்லை. பெஷித்தா உருவான காலத்தில் அந்த ஐந்து நூல்களும் சிரியத் திருச்சபையின் தொகுப்பில் சேரவில்லை. மூவர் சாட்சி பற்றிய அந்த வரி லத்தீன் வழியில் வளர்ந்தது. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1516-லும் 1519-லும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அது கிடையாது. கூச்சல் எழுந்த பிறகு, அவர் காலத்திலேயே எழுதிய ஒரு படியில் அது இருப்பதாகக் காட்டினார்கள், 1522 பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அப்படி உள்ளே வந்த வரியை வைத்து, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான பாடத்தைக் குறையுள்ளது என்று உதயம்பேரூரில் தீர்ப்பளித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தம் கையில் இருப்பதே முழுமை என்று நம்பினார்கள். என் அப்பத்தாவும் அப்படித்தானே நம்பினார்?

அந்தச் சங்கத்தில் மெனேசசுக்குத் துணை நின்ற சிரியா மொழி அறிஞர் பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற இயேசு சபைத் துறவி. சில ஆண்டுகளில் அவரே அங்கமாலிக்கு ஆயரானார். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி அவருடைய அதிகாரத்தின் கீழ்தான் பணிசெய்தார். அந்த இயேசு சபை மதுரை மிஷனின் பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் திரட்டி வைத்த இடம் நம் செண்பகனூர். 1895-இல் எழுந்த திரு இருதயக் கல்லூரியின் சுவர்களுக்குள் அந்த ஆவணக் காப்பகம் வளர்ந்தது. மதுரை மிஷனைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களின் புத்தகங்களில் செண்பகனூர் என்ற பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். இங்கே பேருந்தில் போகும்போது அந்த வளைவைத் தாண்டி எத்தனையோ முறை போயிருப்போம்.

அடுத்து கால்டுவெல். அவரைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக எல்லோருக்கும் தெரியும். அதை அவர் 1856-இல் வெளியிட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1858-இல், பல சபைகளின் அறிஞர்கள் கூடித் தமிழ் வேதாகமத்தைத் திருத்தத் தொடங்கியபோது கால்டுவெல் அதில் முக்கியமானவர். தலைமைத் திருத்தாளர் ஹென்றி பவர். 11 ஆண்டுகள் நடந்த வேலை. அதன் பயனாக 1871-இல் வந்ததுதான் இன்றும் தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் வாசிக்கும் வேதாகமம். என் அப்பத்தா மடியில் இருந்தது அதுதான்.

அந்த வருஷங்களை மறுபடி பாருங்கள். 1844-இலும் 1859-இலும் டிஷெண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் சீனாய் மலை அடிவாரத்துக் கத்தரீனாள் மடத்தில் 4-ஆம் நூற்றாண்டுத் தோல்புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தார். புதிய ஏற்பாடு முழுதும் உள்ள மிகப் பழைய படி அது. அதன் பதிப்பு 1862-இல் வெளியானது. அதையும் வத்திக்கானில் இருந்த இன்னொரு பழைய படியையும் அடிப்படையாக வைத்து, கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் புதிய கிரேக்கப் பாடத்தை 1881-இல் வெளியிட்டார்கள். தமிழ் வேதாகமம் அச்சேறிச் சரியாகப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பத்து வருஷம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு. நம்முடைய பாட்டிமார் வேறு ஒரு வேதத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். மாற்கு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தில், கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடுவதோடு முடிந்து, மிச்சம் 12 வசனங்கள் ஒரு குறிப்போடு தள்ளி நின்றிருக்கும். பெதஸ்தா குளத்தைத் தேவதூதன் கலக்கும் வசனம் அடிக்குறிப்பாகியிருக்கும்.

கால்டுவெல் அந்த 1881-க்குப் பிறகும் பத்து ஆண்டுகள் இருந்தார். கடைசிக் காலத்தில் இந்த மலைக்கு வந்தார். இங்குள்ள தூய பேதுரு ஆலயம் அவர் முயற்சியில் எழுந்தது. 1891 ஆகஸ்ட் 28-ஆம் தேதி இதே கோடைக்கானலில்தான் உயிர் பிரிந்தது. உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆலயத்தின் பக்கம் போகும்போது எனக்குத் தோன்றும்: சொல்லின் மூல வடிவத்தைத் தேடி மொழிமொழியாக அலைந்த மனிதர், வேதத்தின் மூல வடிவத்தை மட்டும் தம் காலத்தில் கிடைத்த பாடத்தோடு விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அவர் மேல் குறை கிடையாது. கையில் இருந்த ஏட்டை வைத்துத்தான் யாரும் வேலைசெய்ய முடியும். பிரிட்டிஷ் அந்நிய வேதாகமச் சங்கமே 1904-இல்தான் பழைய கிரேக்கப் பாடத்தை விட்டு, நெஸ்லே என்ற அறிஞரின் கிரேக்கப் பதிப்புக்கு மாறியது.

பிறகு டேனிஷ் அறிஞர் லார்சனும் பண்டிதர் ஜி. எஸ். துரைசாமியும் உழைத்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அறிஞர்கள் புகழ்ந்தார்கள், சபை மக்கள் கைக்கொள்ளவில்லை. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் நவீன கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றியது. ஆக, ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு பாடம். கல்யாணத்திலும் துக்கத்திலும் இரண்டும் ஒரே பந்தலில் சந்திக்கின்றன.

இப்போது அப்பத்தாவின் எச்சரிக்கை வசனத்துக்கு வருகிறேன், வெளிப்படுத்தின விசேஷம் 22:19. எதையாவது எடுத்துப்போடுகிறவனுடைய பங்கு எதிலிருந்து எடுபடும்? பழைய மொழிபெயர்ப்பில், ஜீவபுஸ்தகத்திலிருந்து. திருவிவிலியத்தில், வாழ்வு தரும் மரத்திலிருந்து. புத்தகமா, மரமா?

நடந்தது இதுதான். எராஸ்மஸ் பேசல் நகரத்தில் தம் பதிப்பை அவசரமாகத் தயாரிக்கும்போது வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவரிடம் ஒரே ஒரு கிரேக்கப் படிதான் இருந்தது, அதுவும் நண்பரிடம் இரவல். அதில் கடைசித் தாள் இல்லை. கடைசி ஆறு வசனங்கள் அந்தத் தாளோடு போய்விட்டன. ஏடு முறிந்த இடம் என்று உ. வே. சா. போல ஒரு குறி போட்டிருக்கலாம். எராஸ்மஸ் லத்தீன் வேதத்தை எடுத்து, அந்த ஆறு வசனத்தையும் தாமே கிரேக்கத்தில் திருப்பி எழுதிவிட்டார். லத்தீனில் மரத்துக்கு 'லிக்னோ', புத்தகத்துக்கு 'லிப்ரோ'. யாரோ ஒரு லத்தீன் எழுத்தர் எப்போதோ மரத்தைப் புத்தகமாக எழுதியிருந்தார். அது எராஸ்மஸ் வழியாகக் கிரேக்கத்துக்கும், கிரேக்க அச்சு வழியாகத் தமிழுக்கும் வந்தது. கிரேக்கப் படிகள் மரம் என்கின்றன. மாற்றாதே என்று எச்சரிக்கும் வசனத்துக்குள்ளேயே ஒரு மாற்றம் குடியிருக்கிறது.

37-ஆம் வசனத்தின் கதையும் எராஸ்மசிடம்தான் முடிகிறது. மந்திரி ஞானஸ்நானம் கேட்கிறான், பிலிப்பு உடனே இறங்கிக் கொடுத்துவிடுகிறார். பிற்காலச் சபையில் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். முதலில் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட வேண்டும். தம் சபையின் வழக்கப்படி ஒரு கேள்வியும் பதிலும் அந்த இடத்தில் இருந்திருக்கும் என்று யாரோ நினைத்தார்கள். மிகப் பழைய நினைப்பு அது, 2-ஆம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபையின் ஐரேனியஸ் அந்த அறிக்கையை அறிந்திருந்தார். எராஸ்மஸ் பயன்படுத்திய படியில் அந்த வசனம் ஓரத்தில்தான் எழுதியிருந்தது. எழுத்தர் கவனக்குறைவால் விட்டதை யாரோ ஓரத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணி, அவர் அதை உள்ளே எடுத்து வைத்தார். ஓரத்தில் நின்றது திண்ணையிலிருந்து நடுவீட்டுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து எஸ்டியன் கையில் 37 என்ற எண்ணும் வாங்கிக்கொண்டது.

யாரும் ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அன்பினாலும் மரியாதையினாலும் அசதியினாலும் வந்தவை. கண் மங்கிய எழுத்தர், விளக்கெண்ணெய் தீர்ந்த இரவு, விட்டுப்போய்விடக் கூடாதே என்ற பயம். அந்தக் கைகளைக் குற்றவாளியைப் போலப் பார்க்கிற ஆய்வு எனக்கு வேண்டாம். அந்தக் கைகளே இல்லை, எல்லாம் வானத்திலிருந்து அச்சாகி இறங்கியது என்று மறைக்கிற போதனையும் வேண்டாம். நம் ஆலயங்களில் இந்த வேறுபாடுகளை மேடையில் சொல்ல வேண்டும். அடிக்குறிப்பை உரக்க வாசிக்க வேண்டும். புதிய மொழிபெயர்ப்பை அச்சிடுகிறவர்கள், வசனம் ஏன் இல்லை என்று அதே பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். சொல்லாமல் எடுத்தால் என் அப்பத்தாவைப் போன்றவர்கள் திருட்டு என்றுதான் நினைப்பார்கள், அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு.

உதயம்பேரூரில் சேர்க்கச் சொன்ன அந்தப் பெண்ணின் கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மிகப் பழைய கிரேக்கப் படிகளில் அது இல்லை. பிற்காலப் படிகள் பலவற்றில் யோவான் 8-இல், சிலவற்றில் யோவானின் முடிவில், சிலவற்றில் லூக்காவில் போய் உட்கார்ந்திருக்கிறது. வீடில்லாமல் அலைந்த கதை அது. யோவான் எழுதியது அன்று என்றுதான் நானும் கருதுகிறேன். ஆனாலும் அந்தக் கதையை எந்தப் பக்கத்திலிருந்தும் வெளியே அனுப்ப யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அடைப்புக்குறிக்குள் குறிப்போடு அது இருக்கட்டும். சுவிசேஷங்களில் இயேசு விரலால் எழுதினார் என்று வருவது அந்த ஓரிடம்தான். மண்ணில் எழுதினார். என்ன எழுதினார் என்று கதையில் இல்லை. பிற்கால எழுத்தர்கள் சிலர் அதையும் நிரப்பப் பார்த்தார்கள், அங்கே நின்றவர்களின் பாவங்களை எழுதினார் என்று.

சில வருஷம் கழித்து, இவ்வளவையும் அப்பத்தாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஏடு, ஓரம், கோடு எல்லாம் அவருக்குச் சீக்கிரம் புரிந்தது, ஏனென்றால் அவருடைய மாமனார் வீட்டில் வைத்திய ஏடுகள் இருந்தன, அதிலும் ஓரத்தில் யார் யாரோ மருந்து சேர்த்து எழுதியிருந்தார்களாம். கடைசியில் கீரைக் காம்பைத் தள்ளிவிட்டு, "சரி, உள்ள இல்லாட்டி போகட்டும். உன் புஸ்தகத்துல கீழ காலியா இருக்குற இடத்துல அத எழுதி வை. நாளப்பின்ன சுத்தி வாசிக்கும்போது உன் முறை வந்தா வாய மூடிட்டு உக்காராத" என்றார். நான் பென்சில் எடுத்து, பக்கத்தின் அடியில், 37 என்று எண் போட்டு முழு வசனத்தையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

அந்தப் புத்தகம் இதோ இந்த மேசையில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது அப்பத்தாவின் வேதாகமம். கூட்டம் முடிந்ததும் வந்து இரண்டையும் திறந்து பாருங்கள், பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் பழைய வேதாகமங்கள் இருக்கும். இந்த மலையின் ஈரத்தில் அட்டை பூத்துப் போயிருக்கும். இருந்தாலும் நாளைக் காலை பத்து மணிக்கு இதே கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். மேசையில் வரிசையாக வைத்து, அப்போஸ்தலர் 8, யோவான் 8, வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பக்கம் ஆகிய மூன்றையும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். ஓரத்தில் தாத்தா பாட்டி எழுதியது ஏதாவது இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், உலர்ந்த பழைய வேட்டித் துண்டு போதும்.